தத்தெடுத்து ஐந்து நாள்தான் ஆகிறது, கர் கர் என்று இருமுகிறது. எலும்பு சிக்கியிருக்குமா?

மொட்டைமாடி | ஜனவரி 8, இரவு 10.50

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் சும்மா படித்துக்கொண்டு மட்டும் இருந்தவள். இன்று வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை ஒரு காப்பகத்திலிருந்து நாட்டு நாய் ஒன்றைத் தத்தெடுத்து வந்தோம். பெண். ஒன்றரை வயது இருக்கும் என்றார்கள். 13 கிலோ. முழுக் கறுப்பு, அதனால் மிளகு என்று பெயர் வைத்திருக்கிறோம். வீடு மேற்கு மாம்பலத்தில், இரண்டாவது மாடி. நான், கணவர், மாமியார், யு.கே.ஜி. படிக்கும் பையன்.

வந்ததிலிருந்து சோபாவுக்கு அடியிலேயே சாதுவாகப் படுத்துக் கிடந்தது. நேற்று சாயங்காலத்திலிருந்து இருமல். நம் இருமல் மாதிரி இல்லை. கழுத்தை நீட்டி, முன்கால்களை அகட்டிக்கொண்டு, வாத்து கத்துவது போல நாலைந்து தடவை. கடைசியில் ஓங்கரித்து வெள்ளை நுரையாகக் கொஞ்சம் கக்குகிறது. அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. நேற்று மதியம் கோழிக் கழுத்து போட்டிருந்தேன். எலும்பு தொண்டையில் நிற்கிறதோ என்று பயம். வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

அத்தை கஷாயம் வைத்துவிட்டார். மிளகுக்கு மிளகுக் கஷாயம். கொடுக்கலாமா? தடுப்பூசி அட்டையில் ரேபிஸ் ஒன்றுதான் போட்டதாக இருக்கிறது.

பெரம்பூர்க்காரன் | ஜனவரி 8, இரவு 11.05

எலும்பு சிக்கினால் வாலை ஆட்டிக்கொண்டு நிற்காது மேடம். எச்சில் ஒழுகும், முன்காலால் வாயைப் பிறாண்டும், விழுங்க முடியாமல் தவிக்கும். சாப்பிடுகிறதா?

மொட்டைமாடி | ஜனவரி 8, இரவு 11.08

சாப்பிடுகிறது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவு. தண்ணீர் நன்றாகக் குடிக்கிறது.

ஃபில்டர்காபி | ஜனவரி 8, இரவு 11.20

மார்கழிப் பனிதான், வேறொன்றுமில்லை. எங்கள் வீட்டு ஜிம்மிக்கு அந்தக் காலத்தில் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்போம். கொஞ்சம் தைலமும் தடவலாம். குழந்தைக்கு வைத்திருக்கும் இருமல் சிரப் இருந்தால் அரை மூடி. காலையில் சரியாகிவிடும்.

ஊசிக்காரர் | ஜனவரி 8, இரவு 11.42

ஃபில்டர்காபி சார், மன்னிக்க வேண்டும். நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்றைக்கூடச் செய்யக் கூடாது.

நான் வட சென்னையில் 19 வருடமாக நாய்களுக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன். கற்பூரம் நாய்க்கு விஷம். தோல் வழியாகவும் உள்ளே போகும், நக்கினால் இன்னும் சீக்கிரம் போகும். வாந்தி, நடுக்கம், அளவு மீறினால் வலிப்பு. நாம் மூக்கில் தடவிக்கொள்ளும் தைலங்களில் கற்பூரமும் நீலகிரி எண்ணெயும்தான் பிரதானம். நெஞ்சில் தடவினால் நாய் அடுத்து என்ன செய்யும்? நக்கும். மனிதர்களுக்கான சிரப் சிலவற்றில் சர்க்கரைக்குப் பதிலாக சைலிட்டால் இருக்கும். அது நாயின் ரத்தச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும், ஈரலையும் கெடுக்கும். அடுத்து யாராவது காய்ச்சல் மாத்திரை பற்றிக் கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென் இரண்டும் வீட்டில் நீங்களாகக் கொடுக்கவே கூடாது. முதலாவது ஈரலுக்கு ஆபத்து, இரண்டாவது வயிற்றில் புண்ணாக்கி சிறுநீரகத்தில் கை வைக்கும்.

மொட்டைமாடி மேடம், உங்கள் அத்தை வைத்த கஷாயத்தில் பூண்டு இருந்தால் வேண்டாம். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். இல்லாவிட்டாலும் காரமாக எதுவும் அந்தத் தொண்டைக்கு இப்போது ஆகாது. அத்தையே குடித்துவிடட்டும், மார்கழிக்கு நல்லது.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கென்னல் காஃப், அதாவது நாய்களுக்கு வரும் தொற்று இருமல் மாதிரி இருக்கிறது. கையால் தொட்டுப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். இது ஒரு கிருமியின் வேலை இல்லை, கூட்டணி. போர்டெடெல்லா என்ற பாக்டீரியா, பாராஇன்ஃப்ளூயன்சா, அடினோவைரஸ் 2, மைக்கோபிளாஸ்மா, இன்னும் சில. பல நாய்கள் ஒரே கூரைக்குக் கீழே மூச்சு விடும் இடத்தில் எளிதாகப் பரவும். கிருமி உள்ளே போனபின் 2 முதல் 14 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் இருமல் தொடங்கலாம். அதாவது நீங்கள் கூட்டி வந்த அன்றே அது தொற்றோடுதான் வந்திருக்கும். பார்த்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

இன்று ராத்திரிக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். சங்கிலி போட்டு இழுத்தால் மூச்சுக்குழாய் அழுந்தி இருமல் கூடும், நாளைக்கே மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் வாங்குங்கள். கொசுவர்த்திச் சுருள், ஊதுபத்தி, சாம்பிராணி எதுவும் அந்த அறையில் வேண்டாம். அப்புறம் அது அசந்து தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். விலா ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒன்று. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 30க்குள் இருந்தால் நிம்மதியாகப் படுங்கள். 40ஐத் தாண்டினாலோ, வயிற்றை எக்கி எக்கி மூச்சு விட்டாலோ, ஈறு வெளுத்தோ நீலம் பாரித்தோ இருந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

மொட்டைமாடி | ஜனவரி 9, அதிகாலை 12.15

எண்ணினேன். 22. நாலு தடவை எண்ணினேன், நாலு தடவையும் 22, 24. ரொம்ப நன்றி சார். கஷாயத்தை அத்தை குடித்துவிட்டார்.

மூணுநாய்_ஒருபூனை | ஜனவரி 9, காலை 7.30

எங்கள் வீட்டில் போன வருடம் ஒன்றுக்கு வந்து ஒரே வாரத்தில் மூன்றுக்கும் பரவியது. இரவு மூன்று மணிக்கு மூன்று வாத்து. பூனைக்கும் போர்டெடெல்லா வரலாம் என்று டாக்டர் சொன்னதால் அதைத் தங்கை வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். திரும்பி வந்தபின் பூனை என்னோடு இன்றுவரை சரியாகப் பேசுவதில்லை.

பயப்படாதீர்கள் அக்கா. நடை மட்டும் வேண்டாம். ஒன்றுக்கு, இரண்டுக்குக் கீழே கூட்டிப்போய் உடனே மேலே கொண்டுவாருங்கள். குதித்து ஓடி விளையாடினால் இருமல் பிடித்துக்கொள்ளும்.

மொட்டைமாடி | ஜனவரி 9, இரவு 8.10

டாக்டரிடம் போய்வந்தோம். காய்ச்சல் 102.2. அது நாய்க்குச் சாதாரணமாம். நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, கென்னல் காஃப்தான் என்றார். ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லை. ஒரு வாரம் ஓய்வு, சாப்பிடாவிட்டாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வரச் சொன்னார். கணவருக்குக் கோபம். "மருந்தே எழுதாத டாக்டருக்கு எதற்கு ஃபீஸ்?" என்கிறார்.

பெரம்பூர்க்காரன் | ஜனவரி 9, இரவு 8.45

சாருடைய கேள்வி எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது. பாக்டீரியா என்றால் ஆன்டிபயாடிக் கொடுத்துவிட வேண்டியதுதானே?

ஊசிக்காரர் | ஜனவரி 9, இரவு 10.20

நல்ல டாக்டர், விட்டுவிடாதீர்கள். நாய் சுறுசுறுப்பாக இருக்கிறது, சாப்பிடுகிறது, காய்ச்சல் இல்லை என்றால் இது பெரும்பாலும் பத்துப் பதினைந்து நாளில் தானாக அடங்கும். கூட்டணியில் பாதிப் பேர் வைரஸ், அவர்களிடம் ஆன்டிபயாடிக் பலிக்காது. கால்நடை மருத்துவத்தில் நுண்ணுயிர்த் தொற்றுகளுக்கென்று 2017இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலே இதைத்தான் சொல்கிறது: காய்ச்சல், சோர்வு, பசியின்மை இல்லாவிட்டால் பத்து நாள் வரை ஆன்டிபயாடிக் இல்லாமல் கவனியுங்கள். தேவைப்பட்டால் முதலில் டாக்ஸிசைக்ளின்.

எங்கள் கிளினிக்கில் மருந்து எழுதாமல் அனுப்பினால் அடுத்த முறை அந்த வீட்டுக்காரர்கள் வேறு கிளினிக்கில் இருப்பார்கள். எழுதாமல் அனுப்புவதற்குத் தைரியம் வேண்டும். அந்த ஃபீஸ் அதற்குத்தான்.

ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள், டிஜிட்டல். நாய்க்கென்று தனியாக, மேலே பெயர் எழுதிவையுங்கள். நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி, வாலைத் தூக்கி, ஆசனவாயில் ஓர் அங்குலத்துக்கும் குறைவாக. 100.5 முதல் 102.5 வரை சாதாரணம். மூக்கு ஈரமாக இருந்தால் காய்ச்சல் இல்லை என்பதெல்லாம் சும்மா.

மொட்டைமாடி | ஜனவரி 10, மதியம் 2.00

இரண்டு சந்தேகம். அத்தைக்கு ஆஸ்துமா உண்டு. பையன் நாயைக் கட்டிக்கொண்டே இருக்கிறான். அவர்களுக்குத் தொற்றுமா? அப்புறம், நான் தினமும் ராத்திரி எங்கள் தெருவில் நாலு நாய்களுக்குச் சோறு வைப்பேன். தொடரலாமா?

ஊசிக்காரர் | ஜனவரி 10, மதியம் 3.35

கூட்டணியில் மனிதனைத் தொடக்கூடியது பெரும்பாலும் போர்டெடெல்லா ஒன்றுதான், அதுவும் மிக அபூர்வம். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள், எதிர்ப்புச் சக்தி நன்றாகக் குறைந்தவர்கள் விலகி இருப்பது நல்லது. அத்தை ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பாருங்கள், சாப்பிட்டால் அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பையனுக்குக் கை கழுவினால் போதும். முகத்தில் முத்தம் கொஞ்ச நாள் வேண்டாம்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம், நல்ல வேளையாகக் கேட்டீர்கள். மிளகைத் தடவிய கையோடு, அதே நைட்டியோடு கீழே போய்ச் சோறு வைத்தால் கிருமியும் கூடவே இறங்கும். அந்த நாலு நாய்க்கும் ரேபிஸ் தவிர வேறு ஊசி போட்டிருக்கவே மாட்டார்கள். முதலில் தெருநாய்களுக்கு வையுங்கள், அப்புறம் மேலே வந்து மிளகைத் தொடுங்கள். தட்டு வேறு வேறு. இருமல் நின்றபிறகும் இரண்டு வாரமாவது மற்ற நாய்களோடு மூக்கு உரச விடாதீர்கள், போர்டெடெல்லா பல வாரம்கூட உள்ளே உட்கார்ந்திருக்கும்.

கடற்கரை_நடை | ஜனவரி 10, மாலை 6.10

என்னுடைய பொமரேனியனுக்கு ஒன்பது வயது. இதே வாத்துச் சத்தம் இரண்டு வருடமாக இருக்கிறது. இதுவும் கென்னல் காஃப்தானா?

ஊசிக்காரர் | ஜனவரி 10, மாலை 6.30

இரண்டு வருடம் நீடித்தால் தொற்று இல்லை சார். சின்ன ஜாதி நாய்களுக்கு வயதானால் மூச்சுக்குழாய் தொய்ந்துபோகும். இதயத்தையும் பார்க்க வேண்டும். தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசலாம்.

மொட்டைமாடி | ஜனவரி 11, இரவு 9.25

யாராவது இருக்கிறீர்களா?

காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. கண்ணில் மஞ்சளாகப் பீளை, மூக்கில் பச்சையாகச் சளி. இப்போது பார்த்தேன், காய்ச்சல் 103.8. இருமல் மாறிவிட்டது. வாத்துச் சத்தம் இல்லை, ஈரமாக, களகளவென்று. தூங்கும்போது மூச்சு 38. காப்பகத்துக்கு நாலு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை.

அலையோசை | ஜனவரி 11, இரவு 9.40

இது டிஸ்டெம்பர், நாயின் உயிரையே எடுக்கும் வைரஸ் நோய். சந்தேகமே வேண்டாம். எங்கள் வீட்டில் இப்படித்தான் தொடங்கியது, மூன்றாவது வாரம் வலிப்பு வந்து போய்விட்டது. குழந்தை இருக்கும் வீடு, மனசு ஒட்டுவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கசப்பாக இருந்தாலும் உண்மை இதுதான்.

மூணுநாய்_ஒருபூனை | ஜனவரி 11, இரவு 9.48

அலையோசை, உங்கள் இழப்புக்கு வருத்தப்படுகிறேன். ஆனால் பரிசோதனை செய்யாமல் ஒருவர் வீட்டு நாய்க்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். திருப்பிக் கொடுத்தால் அங்கே இருக்கும் மற்ற நாய்களுக்கும் இதைக் கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி ஆகும். இந்த நிலைமையில் ஆட்டோவில் ஏற்றி இறக்கி, மறுபடி கூண்டில் போட்டால் அந்த நாய் என்ன ஆகும்?

அலையோசை | ஜனவரி 11, இரவு 9.55

நான் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பையனுக்கு ஆறு வயதில் நான் சொல்ல வேண்டியிருந்ததை இவர்களும் சொல்ல வேண்டாம் என்றுதான்.

ஊசிக்காரர் | ஜனவரி 11, இரவு 10.10

சண்டை வேண்டாம். இரண்டு பேரும் அக்கறையில்தான் பேசுகிறீர்கள்.

மேடம், நான் இப்போது மூன்று விஷயத்தை யோசிக்கிறேன். ஒன்று, கென்னல் காஃப் கீழே இறங்கி நிமோனியா ஆகியிருக்கலாம். இரண்டு, டிஸ்டெம்பர். அலையோசை சொல்வது வெறும் பயமுறுத்தல் இல்லை, தடுப்பூசி போடாத நாய் என்பதால் பட்டியலில் அது இருந்தே ஆக வேண்டும். மூன்று, உண்ணிக் காய்ச்சல். சென்னையில் காய்ச்சலோடு வரும் எந்த நாய்க்கும் நான் அதைக் கேட்காமல் விடுவதில்லை. காப்பகத்து நாய் என்றால் காது மடிப்பிலும் விரலிடுக்கிலும் தேடிப் பாருங்கள்.

வயிற்றில் சீழ்க் கொப்புளம், பாதம் தடித்துக் கெட்டியாவது, வாயை மென்றுகொண்டே இருப்பது, ஏதாவது ஒரு தசை தனியாகத் துடிப்பது, இவையெல்லாம் டிஸ்டெம்பரின் அடையாளம். ஆனால் எல்லா நாய்க்கும் எல்லாம் வராது, நரம்புக் கோளாறு பல வாரம் கழித்தும் வரலாம். கண்ணிலிருந்து பஞ்சில் எடுத்து அங்கேயே பார்க்கும் ரேபிட் டெஸ்ட் இருக்கிறது. பாசிட்டிவ் என்றால் நம்பலாம், நெகட்டிவ் என்றால் முழு நிம்மதி அடைய முடியாது. சந்தேகம் தீராவிட்டால் பி.சி.ஆர். மனிதருக்கு டிஸ்டெம்பர் தொற்றாது, பையனைப் பற்றி அந்தப் பயம் வேண்டாம்.

மூச்சு 40ஐ எட்டினால் இப்போதே கிளம்புங்கள். இல்லாவிட்டால் விடிந்ததும் முதல் ஆளாக நிற்க வேண்டும். எக்ஸ்-ரே அவசியம்.

பெரம்பூர்க்காரன் | ஜனவரி 11, இரவு 10.20

எக்ஸ்-ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே இடத்தில் வேண்டுமானால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். 1903இல் தொடங்கிய கல்லூரி, பக்கத்தில் இருக்கும் நமக்குத்தான் அருமை தெரிவதில்லை. காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு போட்டுவிட வேண்டும். கூட்டமாக இருக்கும். உள்ளே உட்காராதீர்கள், சீட்டு போட ஒருவர் நிற்கட்டும், இருமுகிற நாயோடு இன்னொருவர் வெளியே தள்ளி மரத்தடியில் நிற்கட்டும். மற்ற நாய்களுக்கும் நல்லது, மிளகுக்கும் நல்லது. வருபவரிடம் முதல் வார்த்தையே "இருமல், தடுப்பூசி இல்லை" என்று சொல்லுங்கள்.

மொட்டைமாடி | ஜனவரி 12, மாலை 4.40

இப்போதுதான் வீடு வந்தோம். கணவர் லீவு போட்டார். அன்று ஃபீஸைப் பற்றிக் கோபப்பட்டவர் இன்று காலை ஐந்தே முக்காலுக்கு ஆட்டோக்காரரிடம் "நாய் ஏறும், கூட நூறு தருகிறேன்" என்று பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

எக்ஸ்-ரேயில் வலது பக்கம் கீழே வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. நிமோனியா, ஆனால் ஆரம்பம் என்றார்கள். ரேபிட் டெஸ்ட் நெகட்டிவ். பி.சி.ஆருக்கும் எடுத்திருக்கிறார்கள். உண்ணிக் காய்ச்சலில் குறையும் ரத்தத் தட்டணுக்கள் சரியாக இருக்கின்றன, உண்ணி ஒன்றே ஒன்று காதில் இருந்தது. ஊசி போட்டு, டிரிப் ஏற்றி, டாக்ஸிசைக்ளினும் இன்னொரு மாத்திரையும் எழுதியிருக்கிறார்கள். வீட்டில் நெபுலைசர் வைக்கச் சொன்னார்கள். அத்தையின் நெபுலைசர் இருக்கிறது.

மாத்திரையை எப்படிக் கொடுப்பது? தயிர்ச் சாதத்தில் ஒளித்து வைத்தேன். சாதத்தைத் தின்றுவிட்டு மாத்திரையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறது, நம் வீட்டுப் பிள்ளைகள் கறிவேப்பிலையை ஒதுக்குவது போல.

ஊசிக்காரர் | ஜனவரி 12, மாலை 5.15

பிழைத்தோம், சீக்கிரம் போனீர்கள்.

டாக்ஸிசைக்ளினைப் பால், தயிரோடு கொடுக்க வேண்டாம். சுண்ணாம்புச் சத்து மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். வெறும் வயிற்றிலும் வேண்டாம், வாந்தி எடுக்கும். ஆறிய இட்லியைப் பிசைந்து மூன்று உருண்டை செய்யுங்கள். முதல் உருண்டை வெறும் இட்லி, இரண்டாவதில் மாத்திரை, மூன்றாவதை உடனே மூக்குக்கு நேரே காட்டுங்கள். மூன்றாவதன் ஆசையில் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கும். கடைசியில் கொஞ்சம் தண்ணீரோ கோழிச்சாறோ கட்டாயம் உள்ளே போக வேண்டும், இந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும்.

நெபுலைசர் அத்தையுடையது என்றால் மாஸ்க்கும் மருந்துக் கிண்ணமும் தனியாக வாங்குங்கள். குழந்தைகள் மாஸ்க் போதும். வெறும் நார்மல் சலைன்தான், அத்தையின் ஆஸ்துமா மருந்து எதையும் ஊற்றிவிடாதீர்கள். பத்து நிமிடம். முகத்தில் பிடித்தால் பயப்படும், மூக்குக்குப் பக்கத்தில் காட்டினாலும் போதும். அது முடிந்ததும் உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு விலாவின் இரண்டு பக்கமும், பின்னாலிருந்து முன்னோக்கி, டப் டப் என்று சில நிமிடம் தட்டுங்கள். குழந்தைக்கு ஏப்பம் வரத் தட்டுவோமே, அந்த வேகம். தட்டியதும் நாலு எட்டு நடக்க விடுங்கள், சளி இளகி இருமி வெளியே வரும். இந்த இருமலை அடக்கக் கூடாது. இருமலை நிறுத்தும் மருந்து நிமோனியாவில் வேண்டாம் என்பது அதனால்தான்.

ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள்.

மூணுநாய்_ஒருபூனை | ஜனவரி 12, மாலை 6.00

சாப்பாட்டைப் பற்றி நான் சொல்கிறேன். மூக்கடைத்த நாய்க்கு வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் அது சாப்பாடே இல்லை. வேகவைத்த கோழியைப் பிய்த்து, வெந்நீரில் குழைத்த சாதத்தில் போட்டு, வெதுவெதுப்பாகக் கொடுங்கள். மஞ்சள் வேண்டுமானால் ஒரு சிட்டிகை, வெங்காயம் கூடவே கூடாது. வாயில் திணிக்காதீர்கள், நுரையீரலுக்குள் போனால் வினை. முதலில் மூக்கை வெந்நீர்த் துணியால் துடைத்துவிட்டு அப்புறம் தட்டை வையுங்கள். என் நடு நாய் உள்ளங்கையில் வைத்தால்தான் சாப்பிட்டது. குணமான பிறகும் இரண்டு மாதம் அப்படியே பழகிவிட்டது, அது வேறு கதை.

மொட்டைமாடி | ஜனவரி 13, இரவு 8.30

காய்ச்சல் 102.9. இட்லி வித்தை பலித்துவிட்டது. கோழிச்சாறு ஒரு டம்ளர் குடித்தது. குளியலறையில் கீசரைத் திறந்துவிட்டு ஆவி நிரம்பியதும் நானும் அதுவும் பத்து நிமிடம் உட்கார்ந்தோம். நான்தான் அதிகம் வேர்த்தேன்.

கீழ்வீட்டு மாமா பழைய பாய், தலையணை எல்லாம் மாடிப்படிக்குக் கீழே சேர்த்து வைத்திருக்கிறார். அப்போதுதான் உறைத்தது, நாளைக்குப் போகி!

பெரம்பூர்க்காரன் | ஜனவரி 13, இரவு 8.50

ஐயையோ. 2018 போகியன்று புகைமூட்டத்தில் மீனம்பாக்கத்தில் விமானமே இறங்க முடியாமல் போனது. நிமோனியா நாய் என்ன செய்யும்?

ஊசிக்காரர் | ஜனவரி 13, இரவு 9.20

தெருப் பக்கம் இல்லாத அறையைத் தேர்ந்தெடுங்கள். இரவே ஜன்னல்களைச் சாத்தி, கதவின் கீழ் இடுக்கில் துணியைச் சுருட்டி வையுங்கள். ஏ.சி. இருந்தால் 26இல் போடுங்கள், காற்று நேராக நாய் மேல் படாமல். விடியற்காலை மூன்றிலிருந்து எட்டு வரை வெளியே கூட்டிப்போகாதீர்கள், இரண்டு மணிக்கே ஒரு தடவை இறக்கிக் கூட்டிவந்துவிடுங்கள். மூச்சை மணிக்கு ஒரு தடவை எண்ணுங்கள். மாமாவிடம் போய்ப் பேசிப் பாருங்கள், நான் என் தெருவில் பேசிப் பேசித் தோற்றவன்.

மொட்டைமாடி | ஜனவரி 14, காலை 9.40

தூங்கவே இல்லை. இரண்டு மணிக்கு இறக்கினோம். நாலு மணிக்கு மேளச் சத்தம், டயர் நாற்றம். அத்தை, நான், மிளகு மூன்று பேரும் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தோம். அத்தைக்கும் புகை ஆகாதே. ஒரு பக்கம் அத்தை நெபுலைசர், அவர் முடித்ததும் மிளகு. ஆறு மணிக்கு மூச்சு 34க்குப் போனது, எட்டு மணிக்கு 28.

மாமாவிடம் நான் போகவில்லை. அத்தை நேற்று ராத்திரியே இறங்கிப் போய் "எனக்கு ஆஸ்துமா, வாசலில் கொளுத்தினால் ஆஸ்பத்திரிக்கு நீங்கள்தான் தூக்கிக்கொண்டு போகணும்" என்று சொல்லியிருக்கிறார். அவர் பாயை எரிக்கவில்லை. நாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். வந்த முதல் நாள் "பூஜை அறைப் பக்கம் வரக் கூடாது" என்றவர்.

ஃபில்டர்காபி | ஜனவரி 14, காலை 10.15

அம்மாவுக்கு என் நமஸ்காரம். கற்பூரம் பற்றி நான் சொன்னதை மறந்துவிடுங்கள். ஜிம்மி பதினாலு வருடம் இருந்தது, அது கற்பூரத்தால் இல்லை, கற்பூரத்தையும் மீறி என்று இப்போது புரிகிறது.

மொட்டைமாடி | ஜனவரி 17, இரவு 7.00

பி.சி.ஆர். நெகட்டிவ். நாலு நாளாகக் காய்ச்சல் இல்லை. பொங்கலன்று கரும்புச் சக்கையைத் திருடியது, பிடுங்கினோம்.

காப்பகத்திலிருந்து இன்று பேசினார்கள். அங்கேயும் ஆறேழு நாய்கள் இருமுகின்றனவாம், எல்லாவற்றையும் பிரித்து வைத்திருக்கிறார்களாம். எனக்குப் பாதிக் கோபம், பாதிப் பாவம். முன்பே ஒரு போன் செய்திருக்கலாம். "திருப்பிக் கொடுக்கிறீர்களா?" என்று அவர்களே கேட்டார்கள். கணவர் போனை வாங்கி "எதை?" என்றார்.

அலையோசை | ஜனவரி 17, இரவு 7.30

பி.சி.ஆர். நெகட்டிவ் என்று படித்ததும் அழுதுவிட்டேன். அவசரப்பட்டுச் சொன்னதற்கு வருந்துகிறேன்.

மொட்டைமாடி | ஜனவரி 17, இரவு 7.36

அப்படிச் சொல்லாதீர்கள் அக்கா. நீங்கள் சொன்ன பயத்தில்தான் விடிவதற்கு முன்னால் கிளம்பினோம்.

பெரம்பூர்க்காரன் | ஜனவரி 18, காலை 8.00

அடுத்து ஊசிக் கணக்கைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாநகராட்சி உரிமத்துக்கு ரேபிஸ் சான்றிதழ் கேட்பார்கள், அந்த அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

ஊசிக்காரர் | ஜனவரி 18, மதியம் 1.10

இப்போதே எந்த ஊசியும் வேண்டாம். உடம்பு முழுக்கத் தேறி, மாத்திரை முடிந்து, எக்ஸ்-ரேயைத் திரும்ப எடுத்துப் பார்த்த பிறகு. மாத்திரையை நடுவில் நிறுத்தாதீர்கள், வாலாட்டுவதைப் பார்த்து நிறுத்துபவர்கள்தான் என்னிடம் இரண்டாவது தடவை வருகிறார்கள்.

பிறகு டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ, பாராஇன்ஃப்ளூயன்சா, எலிக்காய்ச்சல் எல்லாம் சேர்ந்த கூட்டு ஊசி. இந்த வயதுக்கு 3, 4 வார இடைவெளியில் இரண்டு தடவை. போர்டெடெல்லாவுக்கு மூக்கில் விடும் தடுப்பு மருந்து தனி, நாய் விடுதியில் விடுவதாக இருந்தால் கேட்டுப் போடுங்கள். இவை போட்டாலும் இருமலே வராது என்று இல்லை, வந்தால் லேசாகப் போகும். டிஸ்டெம்பர் ஊசி மட்டும் அப்படி இல்லை. அதை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடாதீர்கள்.

மொட்டைமாடி | ஜனவரி 28, காலை 8.20

இரண்டாவது எக்ஸ்-ரே சுத்தம். எடை 13.6. பிப்ரவரி இரண்டாவது வாரம் ஊசிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். தெரு நாலு பேருக்கும் இதுவரை இருமல் இல்லை, தினமும் கீழே போய்க் காது கொடுத்துக் கேட்கிறேன்.

இன்று காலை பால்காரரைப் பார்த்து மிளகு குரைத்தது. வந்து 25 நாளில் முதல் தடவை. இருமலையே கேட்டுக்கொண்டிருந்ததில் அதற்குக் குரல் ஒன்று இருக்கும் என்பதே எங்களுக்குத் தோன்றவில்லை. பயங்கரமான குரல். பையன் பயந்து என் பின்னால் ஒளிந்துகொண்டான், அத்தை "யாருடா அது?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தார்.

கீழ்வீட்டு மாமா ஒன்பது மணிக்குப் பேச வருகிறேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.